போனை ஊமையாக்கும், ஆண்டவரே

நெல்லித்தோப்பில் எங்கள் சந்தில் அப்போது போன் இருந்த வீடு எங்களுடையது மட்டும்தான். அந்தப் போனால் என் படிப்பு போகும், படிப்பு போனால் வேலையும் போகும் என்று 2001-ஆம் வருடம் மழைக்காலத்தில் நான் அழாத நாள் இல்லை. இந்தக் கூட்டத்தில் பலர் பெரிய வியாதியிலிருந்து எழுந்து வந்து ஆண்டவர் செய்ததைச் சொல்லியிருக்கிறீர்கள். நான் சொல்லப் போவது ஒரு போன் விஷயம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த மாதத்தில் செத்துப்போனால் தேவலை என்று நான் நினைத்தது நிஜம்.

என் பெயர் ஜெசிந்தா. எல்லாருக்கும் ஜெசி. கணவர் அமலன் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் அவருக்கு ரோடுதான் வீடு. வீட்டில் நானும் மாமியாரும். கணவரின் அண்ணன் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் எடுத்துப் பிரான்சுக்குப் போய்விட்டவர். அம்மாவின் குரலைக் கேட்காமல் இருக்க முடியாது என்று அவர்தான் அந்தப் போனைப் போட்டுக் கொடுத்தார். அம்மாவின் குரலைக் கேட்கத்தான் போட்டார். ஆனால் என் மாமியாருக்கு மனசு பெரிசு. சந்தில் யார் கேட்டாலும், "நம்ம நம்பரைக் குடு, நாங்க கூப்புட்டு விடுறோம்" என்று சொல்லிவிடுவார். அந்தக் காலத்தில் பி.பி. நம்பர் என்று சொல்வோமே, அதுதான். எங்கள் சந்துக்கே நாங்கள்தான் பி.பி.

சொல்வது மாமியார். ஓடுவது நான். மாமியாருக்கு முழங்கால் தேய்மானம், வாசல்படி இறங்கவே அரை நிமிஷம் ஆகும். போன் அடித்தால் நான் எடுக்க வேண்டும், "பத்து நிமிஷம் கழிச்சுப் பண்ணுங்க" என்று சொல்ல வேண்டும், சந்துக்குள் ஓடி ஆளைக் கூப்பிட வேண்டும். வந்தவர்கள் பேசி முடிக்கும் வரைக்கும் நம் வீட்டுக் கூடத்தில் அவர்கள் வீட்டுக் கதை எல்லாம் நடக்கும். காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்கும்.

என் நாள் எப்படி ஓடியது என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். ரெட்டியார்பாளையம் போகிற வழியில் ஒரு நர்சிங் ஹோமில் பில் போடும் வேலை எனக்கு. காலை ஏழு மணிக்குக் கவுண்டரில் உட்கார்ந்தால் மூன்று மணிக்கு எழுந்திருப்பேன். மாலை ஆறு மணிக்கு மாலைக் கல்லூரியில் பி.காம். கடைசி வருடம். வகுப்பு முடிந்து வந்தால் கை கால் எல்லாம் பிய்ந்து விழும், புத்தகத்தைத் திறந்தால் எழுத்து நகரும். அதனால் படிப்பதற்கு எனக்கு இருந்த நேரம் நாலு மணியிலிருந்து ஐந்தரை வரைக்கும்தான். அந்த நேரத்தில்தான் உலை வைத்து, சோறு வடித்து, குழம்பையும் இறக்கிவிட்டுப் போக வேண்டும். அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்து, ஒரு கண் உலையில், ஒரு கண் கணக்கில் என்று படிப்பேன்.

மழைக்காலத்தில் நமக்கு நாலரை ஐந்து மணி என்றால் பிரான்சில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். வேலைக்குப் போன இடத்தில் எல்லாரும் சாப்பிட எழுந்ததும் முதலில் ஞாபகம் வருவது ஊர்தான். சந்தில் யார் யாருக்குப் பிரான்சில் ஆள் இருந்ததோ அத்தனை பேரும் அந்த நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். எனக்கென்று ஆண்டவர் கொடுத்த அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கணக்குப் பார்த்து வந்து பிடுங்கியது மாதிரி இருக்கும்.

அதிகமாக வருவது இரண்டு பேருக்கு. ஒன்று எதிர்வீட்டு செலின் அக்கா. சந்தில் உள்ள கோயில் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற எங்கள் அன்பியத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். அவர் கணவர் பாரிஸ் பக்கம் ஒரு ஓட்டலில் வேலை செய்தார். இவரையும் அங்கே அழைத்துக்கொள்ள விசாவுக்குப் பேப்பர் போட்டிருந்தார்கள், அது வந்துவிட்டதா வரவில்லையா என்று இரண்டு பேரும் தினமும் பேசுவார்கள். இன்னொருவர் சந்து முனையில் மிஷேல் ஐயா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நம் ஊரில் சொல்வது போல சொல்தா. பென்ஷன் வருகிறது, மாடி வீடு இருக்கிறது, நினைத்தால் நாலு போன் வைக்கலாம். வைக்க மாட்டார். "வூட்ல மணி அடிச்சா எனக்குத் தலைய வலிக்கும்மா" என்பார். அவர் தலை வலிக்கக் கூடாது என்று என் தலையில் மணி அடிக்கும். பிரான்சில் மர்செய் ஊரில் இருக்கும் அவர் மகள் தவறாமல் கூப்பிடுவாள். அவரும் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டுதான் பேச வருவார். அந்தச் சட்டை மாட்டி முடிக்கும் வரைக்கும் நான் அவர் வாசலில் நிற்க வேண்டும்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியதுதான் என்று நீங்கள் சொல்லலாம். நானும் இரண்டு வருடம் பொறுத்தேன். ஆனால் காஸ்ட் அக்கவுண்டிங் என்று ஒரு பேப்பர். அதில் நான் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தேன். அதிலும் பிராசஸ் காஸ்டிங் என்று ஒரு பகுதி. ஒரு பொருள் பல கட்டமாகத் தயாராகும், முதல் கட்டத்துச் செலவு இரண்டாவதுக்குப் போகும், அது மூன்றாவதுக்குப் போகும், நடுவில் வீணானதைக் கழிக்க வேண்டும். இழையை விட்டால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது கட்டத்தில் போன் அடிக்கும். ஓடிப் போய், நின்று, கூட்டி வந்து, பலகையில் திரும்ப உட்கார்ந்தால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. திரும்ப ஆரம்பிப்பேன். திரும்ப அடிக்கும்.

அந்த வருடம் நர்சிங் ஹோமில் கம்ப்யூட்டர் வந்தது. புது மேலாளர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வருகிற ஜூனிலிருந்து பில் கவுண்டர் உட்படக் கணக்குப் பிரிவில் டிகிரி முடித்தவர்கள் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். மழைக்காலத்தில் வைக்கிற அரியர் பரீட்சையில் அந்தப் பேப்பர் தேறினால் எனக்கு ஏப்ரலில் டிகிரி. தேறாவிட்டால் டிகிரி இல்லை, டிகிரி இல்லாவிட்டால் வேலை இல்லை. அமலனின் லாரிக்கு ஒரு மாதம் லோடு கிடைக்கும், அடுத்த மாதம் கிடைக்காது. வீட்டில் தவறாமல் வருகிற சம்பளம் என்னுடையதுதான். 

மாமியாரிடம் கெஞ்சினேன். "அத்தை, பரீட்சை முடியறவரைக்கும் சாயங்காலத்துல யாருக்கும் வேணாம்னு சொல்லிடுங்களேன்."

"எப்புடிடி சொல்றது? பாவம், புருஷன வுட்டுட்டு இருக்கா செலினு. அவகிட்டப் போய் வராதன்னா?"

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டுவிடலாம். எல்லாரும் நல்லவர்கள், எல்லாருக்கும் அவசரம், நடுவில் நான் மட்டும் மூழ்கிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் ஜெபமாலை மாதம் இல்லையா. எங்கள் அன்பியத்தில் ஞாயிறு சாயங்காலம் வீடு வீடாக முறை வைத்துக் கூடுவோம். சிறிய மாதா சுரூபம் ஒன்று வீடு மாறி வீடு போகும். அந்த ஞாயிறு முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. வாரத்தில் எனக்கு மிச்சம் இருந்த ஒரே சாயங்காலமும் அப்படிப் போனது. காலையிலிருந்து கூடம் கழுவி, பாய் விரித்து, கடலை அவித்து, எல்லாருக்கும் டீ போட்டு வைத்தேன். கூட்டம் ஆரம்பித்து ஜெபமாலையில் முதல் பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் போன் அடித்தது. செலின் அக்காவுக்கு. அவர் எழுந்து போய் மெதுவாகப் பேசிவிட்டு வந்தார். ஜெபமாலை முடிகிறபோது மறுபடியும் அடித்தது. மிஷேல் ஐயாவுக்கு. அவர் மெதுவாகப் பேசத் தெரியாதவர். "அலோ, அலோ, சா வா?" என்று பிரெஞ்சில் சௌக்கியம் விசாரித்து, மாதாவுக்கே கேட்கும்படி பேசிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பிறகு மன்றாட்டு. உங்களுக்குத் தெரியும், ஒவ்வொருவராக வாய்விட்டு ஒரு வேண்டுதல் சொல்லி, "ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்" என்று முடிப்போம், மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்வோம். செலின் அக்கா கணவரின் பேப்பருக்காக வேண்டினார். மிஷேல் ஐயா மகளின் உடம்புக்காக. மாமியார் முழங்காலுக்காகவும், பிரான்சில் பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருந்த பெரிய மருமகளுக்காகவும் வேண்டினார். அடுத்து நான்.

உலக சமாதானம், திருச்சபை, நோயாளிகள் என்று ஏதாவது சொல்லி முடித்திருக்கலாம். அதுதான் என் எண்ணமும்.  கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். என்னை அறியாமல் இதுதான் வந்தது:

"ஆண்டவரே, இந்த வூட்டு போனை ஊமையாக்கும். என் பரீட்சை முடியறவரைக்கும் அது அடிக்கவே கூடாது. யாரு எங்க இருந்து பண்ணாலும் லைனே கெடைக்கக் கூடாது. அது உம்மால முடியலன்னா என்னைக் கூப்புட்டுக்கும். எனக்கு முடியல. ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

அடுத்த நொடி, கூடம் முழுக்க ஒரே குரலில், ராகத்தோடு, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். மிஷேல் ஐயா குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது.

வருடக்கணக்காகச் சொல்லிப் பழகிய வாய். கடைசி வார்த்தை காதில் விழுந்ததும் பதில் தானாக வந்துவிடும். சொன்ன பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாமியார் ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். செலின் அக்கா இருமிவிட்டு அடுத்தவருக்குக் கை காட்டினார். எல்லாரும் கடலையைத் தின்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு அவமானமாகவும் இருந்தது, பாரம் இறங்கியது போலவும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அடைமழை. நான் வேலையிலிருந்து வந்து ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு போனைத் தூக்கிப் பார்த்தேன். சத்தமே இல்லை. செத்துக் கிடந்தது. கேபிளில் தண்ணீர் புகுந்து நெல்லித்தோப்பில் பாதிக்கு லைன் இல்லை என்று சொன்னார்கள்.  அடுப்படியிலேயே முட்டி போட்டு நன்றி சொன்னேன். ஆண்டவர் இவ்வளவு சீக்கிரம் கேட்பார் என்று எனக்கே நம்பிக்கை இருந்ததில்லை. அன்றைக்கு ஒரு கணக்கை முதல் கட்டத்திலிருந்து கடைசி கட்டம் வரைக்கும் போட்டேன். விடையும் வந்தது.

புதன்கிழமை, உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, கதவு தட்டுகிற சத்தம். செலின் அக்கா. "ஜெசி, போன் வந்துச்சா?"

"லைனே இல்லக்கா."

"பாத்தியா? தூக்கிப் பாரேன் ஒரு தடவ."

தூக்கிப் பார்த்தேன். அவரும் வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். அவர் போய்ப் படி இறங்குவதற்குள் மிஷேல் ஐயா குடையோடு வந்தார். அவரும் தூக்கிப் பார்த்தார். "அலோ" என்று இரண்டு தடவை சொல்லியும் பார்த்தார். பிறகு செலின் அக்கா மறுபடியும். இப்படியே வியாழன், வெள்ளி. முன்பாவது போன் அடித்தால்தான் ஓட்டம். இப்போது அடிக்கவில்லை என்று வந்தார்கள். ஒரு சாயங்காலத்தில் எத்தனை தடவை கதவைத் திறந்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரு கணக்கும் முடியவில்லை.

மாமியார் வேறு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பெரிய மருமகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை என் முன்னால் வந்து நின்று, "நீ கேட்டது உனக்குக் கெடச்சுது. எம்புள்ள கொரலு எனக்கு எங்கடி?" என்று கேட்டார். திட்டியிருந்தால்கூட தாங்கியிருப்பேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

சனிக்கிழமை வேலை முடிந்து கோயிலுக்குப் போனேன். மத்தியான நேரம், யாரும் இல்லை. மாதா பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்து நான் ஜெபிக்கவில்லை. சண்டைதான் போட்டேன். நேரம்தானே கேட்டேன், போனை மட்டும் எடுத்துக்கொண்டு மனுஷரை எல்லாம் என் வாசலுக்கு அனுப்பினால் எப்படி என்று கேட்டேன். அந்தக் கிழவியின் கண்ணீரை என் தலையில் ஏன் போட்டீர் என்று கேட்டேன்.  மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. எனக்கென்று ஒருவரும் இல்லை, மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை என்று தோன்றியது. கடற்கரை வரைக்கும் போய்விட்டுத் திரும்பாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததுமே பயந்துபோய் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்து பலகையில் உட்கார்ந்தேன். கதவு தட்டுகிற சத்தம். மிஷேல் ஐயா. "லைன் வந்துச்சாம்மா?"

எனக்குள் என்னவோ அறுந்தது. காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தை எடுத்து முற்றத்து மழையில் வீசினேன். "போனும் வேணாம், படிப்பும் வேணாம். பரீட்சையே எழுதல, போதுமா" என்று கத்தினேன். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.  மிஷேல் ஐயா முற்றத்தில் இறங்கி, தண்ணீரில் கிடந்த புத்தகத்தை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு நான் கல்லூரிக்குப் போகவில்லை.

மறுநாள் அன்பியக் கூட்டம் மிஷேல் ஐயா வீட்டு முறை. நான் வரமாட்டேன் என்று படுத்துக்கொண்டேன். என்னோடு பேசாமல் இருந்த மாமியார், "எழுந்துருடி. நான் தனியா அந்தத் தண்ணியில எப்புடி நடப்பேன்?" என்றார். அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டுதான் போனேன். உள்ளே மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் என் புத்தகம் இருந்தது. மிஷேல் ஐயா அதை ஒவ்வொரு தாளாகப் பிரித்து இஸ்திரிப் பெட்டி வைத்து உலர்த்தியிருந்தார். தாள்கள் விறைத்து, புத்தகம் இரண்டு மடங்கு தடித்துப் போயிருந்தது. எனக்குத் தலை நிமிரவில்லை.

மன்றாட்டு நேரம் வந்ததும் மிஷேல் ஐயா எழுந்து நின்றார். எப்போதும் உட்கார்ந்துதான் சொல்வார்.

"ஆண்டவரே, போன ஞாயித்துக்கெழம இந்தப் பொண்ணு ஒண்ணு கேட்டுது. நாங்க எல்லாரும் சேந்து கேட்டருளும்னு சொன்னோம். நீர் கேட்டுட்டீர். உம்ம மேல தப்பில்ல. அது இன்னா கேக்குதுன்னு நாங்கதான் கேக்காம பதில் சொல்லிட்டோம். அது போன் கெடணும்னு கேக்கல. எங்ககிட்ட இருந்து கொஞ்சம் மூச்சு வுடணும்னு கேட்டுது. அத நீர் செய்ய வேணாம். நாங்க செய்யுறோம். எப்புடின்னு மட்டும் சொல்லும்."

அவர் வழக்கமாக முடிக்கும் வார்த்தையைச் சொல்லவில்லை. அதனால் யாருக்கும் என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.  செலின் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஜெபம் போலவும் இல்லாமல் பேச்சு போலவும் இல்லாமல், "சோத்த நான் வடிக்கிறேன்" என்றார். "எனக்கு வடிக்கற பானையில ரெண்டு பிடி கூடப் போட்டா ஆச்சு. பரீட்சை முடியற மட்டும் அடுப்படிப் பக்கமே அவ வர வேணாம்."

மிஷேல் ஐயா, "என் முன் ரூம்புல படிக்கட்டும். இங்க மணி அடிக்காது. வாசல்ல நான் இருக்கேன்" என்றார்.

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். லைன் வந்ததும் பிரான்சுக்காரர்களிடம் ஏழு மணிக்கு மேல் கூப்பிடச் சொல்வது என்று முடிவானது. அதற்கு முன் வந்தால், மாதா வீடு மாறுவது போல முறை வைத்து ஒருவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து எடுப்பது. மாமியார் கடைசியாக, "மொத மொற எனக்கு" என்றார்.  

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். திங்கட்கிழமை மிஷேல் ஐயா வீட்டு முன் அறையில் மேஜை, நாற்காலி, விளக்கு, எல்லாம் தயாராக இருந்தது. கதவைச் சாத்தினார்கள். சத்தமே இல்லை. எனக்கு ஒரு வரி போகவில்லை. இதோ அடிக்கப் போகிறது, இதோ தட்டப் போகிறார்கள் என்று காது வாசலிலேயே நின்றது. அடிக்காத மணி எனக்குக் கேட்டது. இரண்டு வருடமாகப் பாதியில் எழுந்து ஓடியே பழகிய மனசு, யாரும் கூப்பிடாமலே பாதியில் எழுந்து ஓடியது. இத்தனை பேர் எனக்காகக் காத்து நிற்க, எனக்குப் படிக்கவே வராது போலிருக்கிறதே என்று நினைத்தபோது, முற்றத்தில் புத்தகத்தை எறிந்த அன்றைக்கு இருந்ததைவிடப் பயம் அதிகமாக வந்தது. இனி பழி சொல்ல ஒரு போன்கூட இல்லை.

"ஆண்டவரே, எல்லாம் குடுத்துட்டீர், என்னை மட்டும் எனக்குக் குடுக்கலையே" என்று மேஜையில் தலை கவிழ்ந்து அழுதேன்.

அப்போதுதான் ஜன்னல் வழியாக அந்த முணுமுணுப்பு கேட்டது. மிஷேல் ஐயா வாசலில் நாற்காலி போட்டுக் குடை பிடித்து உட்கார்ந்து, ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. ஒரே அளவாக, நிற்காமல். நடுவில் மீன்காரம்மா குரல் கொடுத்தபடி வந்தபோது ஜெபத்தை நிறுத்தாமலேயே கையைக் காட்டி அந்தப் பக்கம் போகச் சொன்னார். எனக்காகத்தான் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தக் குரல் போய்க்கொண்டே இருந்தது. என் காது வாசலை விட்டு அந்தக் குரலில் போய் உட்கார்ந்தது. எப்போது பேனாவை எடுத்தேன் என்று தெரியாது. முதல் கட்டம், இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம். நிமிர்ந்து பார்த்தபோது செலின் அக்கா கதவைத் தள்ளி, "ஜெசி, அஞ்சரை ஆச்சு. சாப்புட்டுட்டுக் காலேசுக்குப் போ" என்றார். ஆண்டவர் என் மனசை என்னிடம் திருப்பிக் கொடுத்தது அன்றைக்குத்தான் என்று நான் விசுவசிக்கிறேன்.

பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது லைன் வந்துவிட்டது. எனக்கு அது தெரியாது. அன்றைக்குச் சாயங்காலம் படித்து முடித்து வெளியே வந்தால், வாசலில் மிஷேல் ஐயாவுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியில் என் மாமியார் உட்கார்ந்திருந்தார். வாசல்படி இறங்கவே முடியாதவர் சந்தைத் தனியாகத் தாண்டி வந்திருந்தார். கால் வீங்கியிருந்தது. முகம் ஒரு மாதிரி இருந்தது. 

"என்ன ஆச்சு அத்தை?"

"முடிச்சிட்டியா? எல்லாம் போட்டு முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன். என்னன்னு சொல்லுங்க."

"பேரன் பொறந்துருக்கான்டி. நாலேகாலுக்கே போன் பண்ணிட்டான் எம்புள்ள."

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். என் மாமியாரைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவர் வாயில் ஒரு சேதி ஒரு நிமிஷம் தங்காது. பேரனுக்காக எத்தனை வருடம் முழங்காலை மறந்து முட்டி போட்டவர். அந்தச் சந்தோஷத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நான் கணக்குப் போடுகிறேன் என்பதற்காக, ஒரு சத்தம் காட்டாமல் அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தார். "ஒரு வார்த்தை கூப்புட்டுச் சொல்லியிருக்கலாமே" என்றேன். "சொன்னா எழுந்து வந்துடுவ இல்ல" என்றார். அவர் மடியில் முகத்தை வைத்து அழுதேன். அவரும் அழுதார். மிஷேல் ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பரீட்சை எழுதினேன். பிராசஸ் காஸ்டிங்கில் பெரிய கணக்கு வந்தது. வெளியே யாரோ கத்தினார்கள், பக்கத்தில் ஒரு பெண் பேப்பர் கேட்டு எழுந்தாள், எதுவும் என்னைத் தொடவில்லை. ரிசல்ட் வந்த அன்று கல்லூரி நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் போக எனக்குக் கால் வரவில்லை. செலின் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். விரலை வைத்துத் தேடி, திரும்பி என்னைப் பார்த்து, "இருக்குடி உன் நம்பரு" என்றார்.  ஏப்ரல் பரீட்சையையும் நல்லபடியாக எழுதினேன். ஜூனில் என் நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். செலின் அக்காவுக்குப் பேப்பர் வந்து இப்போது அவரும் பிரான்சில் இருக்கிறார். மிஷேல் ஐயா இரண்டு வருடத்துக்கு முன் ஆண்டவரிடம் போய்விட்டார்.

என் வாழ்க்கையில் மாறியது என்ன என்று கேட்டால், டிகிரி ஒன்று, வேலை ஒன்று, அதெல்லாம் உண்மைதான். அதைவிட, நான் இப்போது மன்றாட்டுக்குச் சட்டென்று பதில் சொல்வதில்லை. போன மாதம் எங்கள் அன்பியத்தில் புதிதாகக் குடிவந்த ஒரு பெண், படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவை விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியவில்லை, வழி காட்டும் என்று வேண்டினாள். எல்லாரும் பதில் சொன்னார்கள். நான் கண்ணைத் திறந்து, "காலையில எத்தினி மணிக்குக் கெளம்பணும் நீ?" என்று கேட்டேன். கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "எட்டு மணிக்குக்கா" என்றாள்.

என் அன்பானவர்களே, நேரமில்லாமல் மூச்சு முட்டிக்கொண்டிருப்பவர் யாராவது இங்கே இருந்தால், அதை ஆண்டவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தனியாக வேண்டாம், பத்துப் பேர் காதில் விழுகிற மாதிரி சொல்லுங்கள். நாகரிகமாக வரவில்லை என்றால் என்னை மாதிரிக் கோபமாகவே சொல்லுங்கள், அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். அப்படி ஒருவர் சொல்வதைக் கேட்கிறவர்களாக நீங்கள் இருந்தால், கேட்டருளும் என்று சொல்வதற்கு முன் அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் கேளுங்கள். என் மன்றாட்டை ஆண்டவர் கேட்டார். அவருக்குப் பதிலாக எட்டு மணிக்குத் தடியூன்றிப் போய், அவள் அப்பாவுக்குத் துணையிருக்க அந்தப் பெண் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர் இப்போது என் மாமியார்.